இடது கன்னத்து மச்சம்

“மூஞ்சிய மூடாதக்கா, ரெண்டே நிமிஷம்” என்று தம்பி படம் வரையும் புத்தகத்தைத் திறப்பதற்குள், அக்கா துணியை இறந்து கிடந்த அம்மாவின் தலை வரை இழுத்துவிட்டாள்.

ஆறு வருஷமாக இந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். மற்ற ஓவியர்கள் கோடும் வட்டமும் போட்டுக்கொண்டிருக்க, இவன் அம்மாவின் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்து பெரிய ஆளாகிவிட்டான். இன்றைக்கும் தனியாக வரவில்லை. பத்திரிகைக்காரர் ஒருவரைக் கூட்டி வந்திருந்தான். அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளிய அக்காவைப் பற்றி எந்தப் பேட்டியிலும் ஒரு வார்த்தை இருந்ததில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

“அம்மா முகம் என் கைக்குள்ளயே இருக்குன்னு அடிக்கடி சொல்வாருங்க” என்றார் பத்திரிகைக்காரர்.

“அப்படியா? அப்ப பார்க்காமலே வரையட்டும். உங்க முன்னாடியே வரையட்டும்.”

தம்பிக்கு அது பிடித்துப்போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கரித்துண்டை எடுத்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். கை நன்றாகத்தான் ஓடியது, அதை அக்காவே மறுக்கமாட்டாள். மேடான நெற்றி, அழுந்த மூடிய உதடு, கடைசியாக இடது கன்னத்தில் மச்சம். அந்த ஒரு புள்ளிக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

பதினோரு வருஷத்துக்கு முன் அவனுடைய கண்காட்சியில் கண்டுபிடித்தது அது. நாற்பது படத்திலும் அம்மா. நாற்பதிலும் மச்சம் பக்கம் மாறியிருந்தது. சின்ன வயதில், அம்மா வேலைக்குக் கிளம்பத் தலை வாரும்போது, இவன் பின்னால் உட்கார்ந்து கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்தே வரைவான். ஒரு நாளாவது முன்னால் வந்து பார்த்திருந்தால்தானே! அக்கா வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா சிரித்தாள்.

“விடுடி. கண்ணாடியில எனக்கும் அந்தப் பக்கம்தான் தெரியுது. எனக்கு அது நான்தான்.”

அம்மாவுக்காக அன்று வாயை மூடிக்கொண்டாள். இனி யாருக்காக?

“முடிஞ்சுதாடா?”

“முடிஞ்சுதுக்கா.”

“எல்லாருக்கும் காட்டு.”

காட்டினான். அக்கா துணியை விலக்கினாள். மச்சம் வலது கன்னத்தில், உளுந்து அளவில், எப்போதும் இருந்த இடத்தில் இருந்தது.

பத்திரிகைக்காரர் தாளைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார்.

“எந்தப் பக்கம்னு தெரியாமத்தான் இத்தனை வருஷம் வரைஞ்சியா? இதையும் எழுதிக்குங்க சார்.”

சொல்லி முடித்தபோது அவள் நெஞ்சு குளிர்ந்துபோயிருந்தது.

தம்பி அம்மாவைப் பார்க்க முடியாமல், சுவரில் இன்னும் தொங்கிய அந்தப் பழைய கண்ணாடியின் பக்கம் திரும்பினான். அதில் அம்மா அவன் வரைந்தபடியே படுத்திருந்தாள், மச்சம் இடது கன்னத்தில்.

அக்கா எழுந்து போய், கண்ணாடியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டினாள்.