நூறு எம்பி

"ஒரே நிமிஷம் டாக்டர், வீடு எதிர்த் தெருதான்" என்று வாக்குக் கொடுத்தது நான்தான்.

தங்கையின் கல்லீரலில் ஒரு கட்டி. இரண்டு வருடத்துக்கு முன் வேறு ஊரில் எடுத்த ஸ்கேனை அந்த ஊர் மருத்துவமனை இன்றைக்குத்தான் ஒரு லிங்க்காக அனுப்பியது. தங்கை படுத்திருந்த மருத்துவமனையில் அதைத் திறக்க முடியவில்லை. கட்டி அன்றைக்கு இருந்த அளவிலேயே இருந்தால் கத்தி வேண்டாம், தெரியாவிட்டால் வயிற்றைத் திறந்துதான் பார்க்கணும் என்றார் டாக்டர். ஆபரேஷன் தியேட்டர் தயாராகும் வரைதான் எனக்கு நேரம்.

என் கணக்கு சுத்தம். ஃபைல் ஆறு ஜிபி, வீட்டில் வினாடிக்கு நூறு எம்பி இன்டர்நெட் லைன். வகுத்தால் அறுபது வினாடி. ஆனால் வீட்டுக்கு ஓடி வந்து இறக்க ஆரம்பித்தால் திரையில் ஓடியது மூன்று எம்பி, அரை மணிக்கு மேல் ஆகும் என்றது.

"நூறுன்னு விளம்பரம், வர்றது மூணு! பகல் கொள்ளை!" என்று கத்தினேன்.

கணவர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். "நூத்துக்கு மூணு இல்ல. பன்னெண்டுக்கு மூணு."

"என்ன உளர்றீங்க?"

"லைன்காரங்க சொல்ற எம்பி பிட்டு. கம்ப்யூட்டர் காட்டற எம்பி பைட்டு. எட்டு பிட் சேந்தாத்தான் ஒரு பைட். நூறை எட்டால வகுத்தா பன்னெண்டு. எழுதினா சின்ன பி, பெரிய பின்னு தெரியும். வாயில சொன்னா ரெண்டும் எம்பிதான்."

"எந்தப் புண்ணியவான் வெச்ச பேரு இது? சரி, அந்தப் பன்னெண்டாவது எங்க?"

"வைஃபை இந்த ரூமுக்கு ரெண்டு சுவரு தாண்டி வருது. சாயங்காலம் வேற, கட்டடமே ஒரே குழாயில தண்ணி பிடிக்குது."

அவளை மேசையில் படுக்க வைத்திருப்பார்கள், இவர் எனக்குப் பாடம் எடுக்கிறார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வைஃபை பெட்டி இருக்கும் கூடத்துக்கு ஓடினேன். ஒயரை நேராகச் செருகினால் இதுவரை வந்ததும் போய்விடுமோ என்று பயந்துகொண்டே செருகினேன். போகவில்லை. வேகம் பத்துக்கு ஏறியது, ஐந்துக்கு இறங்கியது, மறுபடி எட்டு. மாடியில் யாரோ படம் பார்க்கிறார்கள் என்று மனசுக்குள் அவர்கள் குடும்பத்தையே திட்டினேன்.

போன் அடித்தது. தங்கையின் கணவர். "அண்ணி, உள்ள கூட்டிட்டுப் போறாங்க. எங்க இருக்கீங்க?"

"வந்துக்கிட்டே இருக்கேன்" என்றேன், நாற்காலியை விட்டு எழாமலேயே.

ஃபைல் முடிந்ததும் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினேன். தியேட்டர் கதவு மூடியிருந்தது. நர்ஸ் பென்டிரைவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். தங்கை கணவர் என் முகத்தையே பார்க்கவில்லை. எனக்கு அழக்கூட பயமாக இருந்தது.

கடைசியில் டாக்டர் வெளியே வந்தார். "மயக்க ஊசி போட்டாச்சு. கத்தி வெக்கல. கட்டி அப்படியேதான் இருக்கு, விட்டுடலாம்."

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

தங்கைக்கு நினைவு திரும்பியபோது பக்கத்தில் நான்தான் இருந்தேன். போர்வைக்குள் அவள் கை வயிற்றைத் தடவித் தேடியது.

"அக்கா, தையல் எங்க?"

"இல்லடி. கிழிக்கவே இல்ல."

அவள் நம்பவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து, தன் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கச் சொன்னாள்.