அம்மாவுக்காகப் போட்ட மேக்கப்

1

இது கட்டுரையாகத்தான் ஆரம்பித்தது. பாதியில் தெரிந்து நீங்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சங்க மலருக்கு, 'பொலிவாகவும் இளமையாகவும் தெரிய மேக்கப் குறிப்புகள்' எழுதித் தரச் சொன்னார்கள். மேக்கப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒரு பொட்டும் ஒரு பவுடர் டப்பாவும்தான். ஆனால் முடியாது என்று சொல்லத் தெரியாத வாய் எனக்கு. சரி என்று தலையாட்டிவிட்டு, எங்கள் ஊர் பண்டபெர்க் கடைவளாகத்தில் மருந்துக்கடையின் மேக்கப் மேசைக்குப் பின்னால் நிற்கும் மெலேயிடம் போனேன். மெலே டோங்கா தீவுக்காரி. ஐம்பதைத் தாண்டியவள் என்று அவளே சொன்னால்தான் தெரியும்.

எனக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அறுபதுக்கு மேல். குவீன்ஸ்லாந்து வெயில் அந்தக் கழுத்தில் ஒரு சுருக்கக் கோட்டையும் போடாமல் பாக்கி வைக்கவில்லை.

"முப்பத்தஞ்சு வருஷத்தக் குறைச்சுக் காட்டணும்" என்றாள்.

"அடேங்கப்பா! யாரு அந்த மகராசன்?" என்று மெலே கண்ணடித்தாள்.

"எங்கம்மா."

எனக்குக் கேட்டது அவ்வளவுதான். என் போன் அடித்தது, வெளியே போனேன், திரும்பி வந்தபோது நாற்காலி காலி. அவளுக்கு ரேலீன் என்று பெயர் வைத்தது நான். இனி வருவதெல்லாம் என் புளுகு. மலர்க்காரர்கள் தினமும் செய்தி அனுப்புகிறார்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: கரும்புத் தோட்டம் எரிந்த சாம்பல் ஊர்மேல் உதிர்ந்துகொண்டிருந்த மாலையில், ரேலீன் கண்ணாடி முன்னால் —

வேண்டாம். ஒரு பெண்ணைக் கண்ணாடி முன்னால் நிறுத்தாமல் கதை ஆரம்பிக்க எனக்குத் துப்பில்லையா?

இரண்டாவது: அம்மாவுக்கு மறதி வந்த நாளில் —

இதுவும் வேண்டாம். மறதி என்ன விருந்தாளியா, பெட்டியோடு ஒரு நாள் வந்து இறங்க?

மூன்றாவது. இதையே வைத்துக்கொள்வோம்.

எனிட் இன்றைக்கும் சாப்பிட மறுத்துவிட்டாள்.

ரேலீனின் அம்மாதான் எனிட். வயது எண்பத்தேழு. முதியோர் இல்லத்தில் ஜன்னலோர நாற்காலி அவளுடையது. எதிரே ரேலீன் பூசணி சூப்புக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரே ஒரு வாய்ம்மா."

"எனக்கு வேணாம், எடுத்துட்டுப் போங்க. எம்பொண்ணு வரட்டும். பாங்க் மூடினதும் நேரா இங்கதான் வருவா. வந்ததும் சேர்ந்து சாப்பிடுவோம்."

"நான்தாம்மா ரேலீன்."

எனிட் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மரியாதையாகச் சிரித்தாள்.

"எம்பொண்ணு சின்னப் பொண்ணு. உங்களப் பார்த்தா கிட்டத்தட்ட என் வயசு இருக்கும் போலிருக்கு. நேரமாச்சே, உங்க வீட்டுல தேட மாட்டாங்களா?"

[எனிட் பேசும் மொழியில் நீயும் நீங்களும் ஒன்றுதான். இந்த 'நீங்க' நான் போட்டது. பெற்ற பெண்ணை ஒருத்தி அப்படிக் கூப்பிடுவதை எழுதியபின் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.]

மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மகளுக்காகக் காத்திருந்தே அம்மா இளைத்துக்கொண்டு போனாள். மோதிரம் விரலில் நிற்கவில்லை, கழற்றி வைத்துவிட்டார்கள். "இன்னும் இளைச்சா உடம்பு தாங்காது ரேலீன்" என்று நர்ஸ் வாசல்வரை வந்து மெதுவாகச் சொன்னாள். "அந்தப் பொண்ணு வந்தா சாப்பிடுறேங்கிறாங்க. நாங்க என்ன செய்ய?"

அந்தப் பொண்ணைக் கூட்டி வந்துவிடுவது என்று ரேலீன் முடிவு செய்தாள்.

3

மெலே அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"மொதல்ல பவுடர மறந்துரு கண்ணு. பவுடர் சுருக்கத்துக்குள்ள போய் உக்காந்துக்கிட்டு ஊரையே கூப்பிடும், வந்து பாருங்கன்னு."

முகத்துக்கு ஈரப்பதம் தரும் கிரீமைப் பூசி, அது உள்ளே இறங்கும்வரை காத்திருந்தாள். ஃபவுண்டேஷனை ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி, தோல் தெரியும்படி மெலிதாகப் பரப்பினாள். கண்ணுக்குக் கீழே கருமை இருந்த இடத்தில் மட்டும் துளி கன்சீலர். கன்னச் சிவப்புக்குத் தூள் வேண்டாம், கிரீம்தான். அதையும் கன்னத்தின் சதையில் போடாமல், எலும்புமேல் வைத்து மேல்நோக்கி இழுத்தாள், "கீழ போட்டா மூஞ்சியும் கீழ தொங்கும்" என்றாள். புருவத்தில் விட்டுப்போன இடங்களைப் பென்சிலால் நிரப்பினாள். இமைமுடியைச் சுருட்டிவிட்டாள். உதட்டுக்கு அடர்த்தியான நிறம் ஆகாது, ரோஜா நிறம் போதும்.

[மலர்க்காரர்களே, இதுதான் நீங்கள் கேட்ட கட்டுரை. மேலே உள்ள பத்தியை வெட்டி எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிடுங்கள்.]

"மேக்கப் போட்டதே தெரியக் கூடாது. சூட்சுமமே அங்கதான் இருக்கு" என்றாள் மெலே.

ரேலீனின் வயதில் பத்து வருடத்தைக் காணோம். இல்லத்து வரவேற்பில் இருந்தவள், "லீவுல எங்க போய்ட்டு வந்தீங்க?" என்று கேட்டாள். ரேலீன் கூந்தலைச் சரிசெய்துகொண்டு அம்மா முன்னால் போய் நின்றாள்.

எனிட் நிமிர்ந்து பார்த்தாள்.

"புதுசா வேலைக்கு வந்திருக்கீங்களா? டீய கொஞ்சம் கெட்டியாப் போடச் சொல்லுங்கம்மா. இங்க வெந்நீரத்தான் டீன்னு குடுக்கிறாங்க."

ரேலீன் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். காருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

4

எனக்கு ஒரு சந்தேகம். ரேலீன் இவ்வளவு அசடா? பூச்சுக்கெல்லாம் நினைவு திரும்பும் என்று வளர்ந்த ஒருத்தி நம்புவாளா? அவளைக் கொஞ்சம் புத்திசாலியாக்க முயன்று, ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் என்றால், திருச்சியில் இருக்கும் என் அம்மாவை வீடியோவில் கூப்பிடுவதற்கு முன்னால் நானும் தலைக்குச் சாயம் பூசிக்கொள்கிறேன். போன மாதம் பூசவில்லை. என்னைப் பார்த்ததும் அம்மா ஒரு நொடி தயங்கினாள். "வெளிச்சம் சரியில்லடி" என்றாள். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. ஆகவே ரேலீன் அசடாகவே இருக்கட்டும், பயந்தவர்கள் செய்கிற வேலைதான் இது.

காரின் கண்ணாடியில் மூக்கைத் துடைத்துக்கொள்ளும்போதுதான் அவளுக்கு உறைத்தது. (கண்ணாடி வந்தே விட்டது, மன்னியுங்கள்.) இதில் தெரிவது இந்தக் காலத்து இளமை. பாங்க் கவுண்டரில் பணம் எண்ணிக்கொடுத்த ரேலீன் ஒருநாளாவது இப்படி இருந்தாளா? அன்றைக்கு இமையிலிருந்து புருவம்வரை நீலம். காதிலிருந்து வாய்வரை சிவப்பாக இரண்டு பட்டை. உதட்டில் பப்பாளி நிறம். அந்தக் காலத்தில் மேக்கப் போட்டால் தெருக்கோடிவரை தெரிய வேண்டும்.

மறுநாள் மெலேயிடம் திரும்பிப் போனாள்.

"நீலம் குடு. இருக்கிறதுலயே அடிக்கிற நீலம்."

"பைத்தியமா உனக்கு? இந்த வயசுல நீலம் போட்டா எழுபதுன்னு தெரியும்டி."

"தெரியட்டும்."

"சிவப்பு எங்க போட?"

"பட்டையா. இங்கேருந்து இதுவரைக்கும்."

"ஐயோ சாமி. சர்க்கஸ்ல எத்தன மணிக்கு ஆட்டம்?" மெலே சிரித்தாள். ரேலீன் சிரிக்கவில்லை. மெலே இழுப்பறையின் அடியிலிருந்து யாரும் வாங்காத ஒரு நீலத்தை எடுத்தாள்.

"வெளிய யாரு கேட்டாலும் நானே போட்டுக்கிட்டேன்னு சொல்லணும். இந்த மேசைய நம்பித்தான் எம்பொழப்பு."

5

இனி முடிவு. இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) எனிட் அவளைப் பார்த்ததும், "ரேலீன்! வந்துட்டியா கண்ணு!" என்று கைகளை விரிக்கிறாள். இருவரும் அழுகிறார்கள். சூப்புக் கிண்ணம் காலியாகிறது. எழுதும்போது நானும் அழுதேன். மறுநாள் படித்தபோது சோப்பு விளம்பரம் மாதிரி இருந்தது.

(ஆ) எனிட் பயந்து அலறுகிறாள். நர்ஸ் ஓடிவந்து ரேலீனை வெளியே கூட்டிப்போகிறாள். நீலம் கரைந்து கன்னத்தில் —

இதை என்னால் முடிக்க முடியவில்லை. திருச்சியில் மணி பார்த்தேன், என் அம்மா தூங்கியிருப்பாள்.

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். நடக்காததுதான், இருந்தாலும்.

ரேலீன் உள்ளே வந்தபோது வரவேற்பில் இருந்தவள் கணினிக்குள் குனிந்துகொண்டாள். வெக்கையில் முகம் பிசுபிசுத்தது. எனிட்டின் மடிமேல் பலகை, பலகைமேல் ஒரு கிண்ணம் கஸ்டர்ட், தொடாமல் இருந்தது. ரேலீன் நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள்.

எனிட் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன கண்றாவி இது?" என்றாள்.

ரேலீன் கிண்ணத்தைப் பார்த்துக் குனிந்தாள்.

"எம்பொண்ணும் இப்படித்தான் அப்பிக்கிட்டு அலைவா. நல்ல முகம்டி உனக்கு, ஏன் கெடுத்துக்கிறேன்னு சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். கிட்ட வாங்க."

எனிட் சட்டைக் கையிலிருந்து ஒரு டிஷ்யூவை உருவினாள். நாக்கில் வைத்து நனைத்தாள். இடது கையால் ரேலீனின் முகவாயைப் பிடித்துக்கொண்டு, வலது கன்னத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, வேணாம்."

"பேசாம இரு."

அழுத்தித் துடைத்தாள். பட்டையாகப் போட்ட சிவப்பு போயிற்று, நீலம் போயிற்று, அடியிலிருந்து அறுபத்து மூன்று வயதுக் கன்னம் வந்துகொண்டிருந்தது. கையைப் பிடித்து நிறுத்தினால் மிச்சமிருக்கும் பாதி இளமை தப்பும். ஆனால் அந்தக் கை அவள்மேல் பட்டு எவ்வளவு நாளாயிற்று. ரேலீன் நிறுத்தவில்லை.

கருத்தாகத் துடைக்கிறவர்கள் தங்களை அறியாமல் வாயைக் கொஞ்சம் திறந்துகொள்வார்கள். எனிட்டும் திறந்திருந்தாள். ரேலீன் முகத்தை அசைக்காமல் கையை மட்டும் நீட்டி, ஒரு ஸ்பூன் கஸ்டர்ட்டை எடுத்து அந்த வாயில் வைத்தாள். எனிட் கவனிக்கவே இல்லை. விழுங்கினாள், துடைத்தாள். இன்னொரு ஸ்பூன். அதையும் விழுங்கினாள்.

6

வலது கன்னம் முடிந்துவிட்டது. இடது பக்கம் நீலமும் சிவப்பும் அப்படியே இருக்கின்றன. கிண்ணத்தில் பாதி பாக்கி.

முழு முகமும் துடைத்தான பிறகு எனிட் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பாள். யாரைப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தைரியமும் இல்லை, அதனால் நான் இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். பெற்றவளின் முகத்தை நேராகப் பார்க்கத் தைரியம் உள்ளவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், மேலே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், அவசரப்படுத்தாதீர்கள். எனிட் டிஷ்யூவை மறுபக்கம் மடித்து நாக்கில் நனைக்கிறாள். ரேலீன் அடுத்த ஸ்பூனை எடுத்துவிட்டாள்.