நார்மல் ஏழு

கனகராஜ் அண்ணன் மூன்றாவது முறையாக அழைத்தபோது துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, முடிவு பண்ணிட்டீங்களா? சுவர்ணாவுக்கு ஆறாவது மாசம்லா."

"தெரியும் அண்ணே."

"தெரிஞ்சா வந்து கையெழுத்துப் போடுங்க."

அவர் ஈப்போவில் என் மனைவி சுபாஷினியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். சுவர்ணா அவளுடைய தங்கை. கையெழுத்து ஒரு குழாய்க்காக. விரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் குழாய். அதில் சுபாஷினியின் பிளாஸ்மா, அரை மில்லி. மூன்று வருடமாக மைனஸ் எண்பது டிகிரியில் இருக்கிறது. அவள் உடலில் எரியாமல் மிச்சமிருப்பது அது மட்டும்.

சுபாஷினி பத்து வருடம் ரத்தம் உறைவதை ஆராய்ந்தாள். சிலிம் ரிவர் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்துக் குடும்பங்களிடம் ரத்தம் எடுத்து வருவாள். சில குடும்பங்களில் மட்டும் ஏன் காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போகிறது? அதுதான் அவள் கேள்வி. முதன்முறை இதை விளக்கியபோது, என் அப்பா அமிலம் ஊற்றி ரப்பர் பாலை உறையவைப்பதைச் சொன்னேன்.

"உங்கப்பாவுக்கு உறைஞ்சா போதும். எனக்கு உறையவும் வேணும், நிக்கவும் வேணும்" என்றாள்.

நோயாளியின் ரத்தத்தை ஒப்பிட நல்ல ரத்தம் வேண்டும். அங்கே வேலை செய்பவர்களே கொடுப்பது வழக்கம். இருபது பேருடையதையும் ஒன்றாகக் கலந்து 'நார்மல்' என்று எழுதி வைப்பார்கள். கலப்பதற்கு முன் ஆளுக்கு ஒரு குழாய் தனியாக எடுத்து வைப்பார்கள். அதை யாரும் சோதித்ததில்லை. சுபாஷினி ஏழாம் எண்.

போன வருடம், அவள் நான்கு மாதக் கர்ப்பமாக இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை இடது கெண்டைக்கால் வலித்தது.

"டாக்டர்கிட்ட போலாமா?"

"சிலிம் ரிவர் போயிட்டு வந்ததுலா. ரொம்ப நேரம் கார்ல உட்கார்ந்துட்டேன்."

"ஊருக்கெல்லாம் நீதானே சொல்றே?"

"ஹலோ, பத்து வருஷமா என் ரத்தத்தை வெச்சுத்தான் ஊரையே அளக்கிறேன். நான் நார்மல். திங்கட்கிழமை போலாம்."

நானும் சிரித்தேன். ஞாயிறு காலை பல் துலக்கும்போது விழுந்தாள்.

சுவர்ணாவை இப்போது சோதித்தால் தெளிவாகத் தெரியாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் புரதம் ஒன்று சில குடும்பங்களில் பிறப்பிலேயே குறைவு; கர்ப்பத்தில் அது எல்லோருக்குமே குறையும். கர்ப்பத்துக்கு முன் எடுத்த அக்காவின் குழாய் சொல்லும். ரத்தம் கட்டாமலிருக்க ஊசி போடுவதா வேண்டாமா என்று சுவர்ணாவின் டாக்டர் இரண்டு மனதாக இருந்தார்.

"ஒரு தடவைதான் தம்பி. உருக்கினா முடிஞ்சது" என்று கனகராஜ் அண்ணன் சொல்லியிருந்தார்.

மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். குழாய் தீர்ந்துவிடும் என்பது ஒரு காரணம். இன்னொன்றை அவரிடம் சொல்லவில்லை. குறைவு என்று வந்தால், அந்த விடை அத்தனை நாளும் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கும்.

அன்று மாலை சுவர்ணா கமுந்திங்கிலிருந்து அழைத்தாள்.

"அத்தான், கால் லேசா வீங்கியிருக்கு. எல்லாருக்கும் வீங்கும்னு அம்மா சொல்றாங்க. திங்கட்கிழமை போகலாமா?"

"இப்பவே போ."

"இன்னிக்கு வெள்ளி, டாக்டர்..."

"அவசரப் பிரிவுக்குப் போ. இப்பவே."

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. மறுநாள் காலை கையெழுத்துப் போட்டேன்.

மதியம் கனகராஜ் அண்ணன் தாளை நீட்டினார். நார்மல் ஏழு. முப்பத்தொரு சதவீதம்.

"அறுபதுக்கு மேல இருக்கணும்" என்றார். "மத்த பத்தொன்பது பேரோட கலந்ததுல இது தெரியவே இல்ல தம்பி. நான்தான் கலக்குவேன். என் கையாலதான்."

அழுதார். எனக்கு வரவில்லை. காலிக் குழாயைக் காட்டினார். விதிப்படி கழிவுக்கான மஞ்சள் பையில் போட வேண்டும்.

"வெச்சுக்கிறீங்களா?"

"போட்டுடுங்க அண்ணே."

தாளோடு கமுந்திங் போனேன். திங்கட்கிழமை சுவர்ணா முதல் ஊசியைத் தானே போட்டுக்கொண்டாள்.

"அக்கா தன்னோடதை ஒரு தடவை பார்த்திருக்கலாம் அத்தான்."

"பார்த்திருக்கலாம்."

வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து, என்னை அந்தப் பக்கம் திரும்பச் சொன்னாள். திரும்பினேன்.

"வலிச்சுதா?"

"குத்தின இடத்துல மட்டும்லா."

"கால்?"

"கால் நல்லா இருக்கு அத்தான்."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனேன். திரும்பி வந்து மறுபடியும் கேட்டேன்.