அலகில்லாத அன்னம்

புதன்கிழமை சாயந்தரத்துக்குள் அட்டை வராவிட்டால் பழைய ருத்ராட்சக் கரையையே கட்டிவிடுவேன் என்று பெரியப்பா வீரபாகு சொல்லியிருந்தார். சொன்னால் செய்துவிடுகிற மனிதர். அவர் மகள் கலாவதி அக்காவின் முகூர்த்தப் புடவை. பாவு நூல் தறியில் ஏறிவிட்டது. கரையில் அன்னம்தான் வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டாள். கரையில் அந்த உருவம் விழத் தறியின் அட்டைகளில் எங்கெங்கே துளை போடவேண்டும் என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட்டுத் தரும், அதற்குப் புரோகிராம் நான் எழுதுகிறேன் என்று வாயைக் கொடுத்தது நான்தான். யார் கேட்டார்கள்?

திங்கட்கிழமை என் கணவரை ஓட்டச் சொல்லிப் பார்த்தபோது வலப்பக்க அன்னம் அழகாக வந்தது. அதையே திருப்பிப் போட்ட இடப்பக்க அன்னத்துக்கு அலகு இல்லை. ஒரு வரியைத் திருத்தினேன், அலகு வரவில்லை. அதை எடுத்துவிட்டு வேறொன்றைத் திருத்தினேன், அப்போதும் வரவில்லை.

சரி, டிபக்கரைக் கூப்பிடுவோம் என்று உட்கார்ந்தேன். புரோகிராமை நாம் சொன்ன வரியில் பிடித்து நிறுத்திக் காட்டுகிற கருவி அது. எழுதுகிற எடிட்டருக்குள்ளேயே அதை இணைத்து வைத்திருந்தேன். நின்ற வரிக்கு நேரே ஒரு அம்புக்குறி வரும். வந்தது, எதுவும் எழுதாத வெற்று வரியில். நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காமல் ஓடியது. இணைப்புதான் கோளாறு என்று அமைப்புகளையெல்லாம் மாற்றினேன். எடிட்டரை அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். அம்புக்குறி அதே வெற்று வரியில் நின்றது.

புதன்கிழமை காலை பெரியப்பா போன் செய்தார்.

"இன்னாமா துர்கா, ஆச்சா? தறிகிட்ட ஆளு சும்மா குந்திக்கினு இருக்குது."

"மதியத்துக்குள்ள ஆயிடும் பெரியப்பா," என்றேன். அட்டைக்குத் துளை போட ஒரு மதியமாவது வேண்டும். டிபக்கரை விட்டுவிட்டு என்னையே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தேன். எனக்கு இந்த வேலை தெரியாது, படித்ததெல்லாம் வீண் என்று தோன்றியது. அக்கா முகத்தில் எப்படி விழிப்பது?

பன்னிரண்டு அடித்தபோது ஆத்திரம் தாங்காமல் புரோகிராமின் நடுவே, 'எக்கேடோ கெட்டுப் போ' என்று ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டு, எழுதியதைக் கம்ப்யூட்டர் ஓட்டுகிற வடிவத்துக்கு மாற்றுகிற கம்பைல் பொத்தானை அழுத்தினேன். அது என்ன பாஷை என்று கம்ப்யூட்டர் அலறியிருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று பதில் வந்தது.

நான் எழுதியதை அது படிக்கவே இல்லை. திங்கட்கிழமை புரோகிராமையே இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறது. கம்பைல் செய்கிற கருவி தேதியைத்தான் பார்க்கும்; நான் திருத்திய கோப்பு, முன்பு மாற்றி வைத்த புரோகிராமைவிடப் புதிதாக இருந்தால்தான் வேலையைத் தொடும். கோப்புகளின் தேதியைப் பார்த்தேன்.

"ஏங்க, இங்க வாங்க. திங்கக்கெழமை நீங்க ஓட்டின புரோகிராமுல வெள்ளிக்கிழமை தேதி இருக்குது. வெள்ளிக்கிழமை இன்னும் வரவே இல்லையே. நான் திருத்துறதெல்லாம் அதுக்குப் பழசாத்தான தெரியும்."

என் கணவர் விக்னேஷ் அதே கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை அச்சுக்கோப்பவர். பஞ்சாங்கம் அவருக்கு மனப்பாடம். தலையைச் சொறிந்தார்.

"அன்னிக்கு அஷ்டமிமா. நீ குளிக்கப் போறப்ப ஓட்டிப் பார்க்கச் சொன்ன. உன் மொத வேலை அஷ்டமில ஆரம்பிக்கக் கூடாதுன்னு தேதிய வெள்ளிக்கிழமைக்கு மாத்தி ஓட்டிட்டு, திரும்பப் பழையபடி வச்சிட்டேன்."

"அது இன்னா கல்யாணப் பத்திரிகையா, நீங்க முகூர்த்தம் போட?"

"உனக்கு நல்லபடியா அமையணும்னுதான் துர்கா."

அந்த முகத்தைப் பார்த்து முழுதாகத் திட்டவும் முடியவில்லை. கோபம் மட்டும் போகவில்லை. அவர் ஓட்டிய அந்தப் புரோகிராம் கோப்பை அழித்தேன். அவர் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு மேல்; நல்ல ராகு காலம். வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

"நீங்களே தட்டுங்க," என்றேன்.

விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தட்டினார். கம்ப்யூட்டர் அலறியது. 'எக்கேடோ கெட்டுப் போ' என்ற வரி புரியவில்லையாம். பிழைச் செய்தியைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். அம்புக்குறி சொன்ன இடத்தில் நின்றது. திருப்பிப் போடும்போது எண்ணிக்கை ஓர் இழை தள்ளித் தொடங்கியிருந்தது. திங்கட்கிழமை முதலில் திருத்தி, பிறகு நானே எடுத்துப்போட்ட அதே வரி. திரும்ப எழுதினேன். திரையில் இரண்டு அன்னங்களும் அலகோடு எதிரெதிரே நின்றன. எனக்கு அழுகை வந்துவிட்டது.

போன் அடித்தது.

"இன்னாமா, ருத்ராட்சத்தையே கட்டிடட்டா?"

"வேணாம் பெரியப்பா. அன்னம் வந்துடுச்சு. சாயந்தரம் அட்டையோட வரேன்."

"ஏம்மா இவ்ளோ லேட்டு? எல்லாம் நல்ல நேரம் பாத்துதான ஆரம்பிச்ச?"

விக்னேஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தோம் பெரியப்பா," என்றேன். "அதாலதான் லேட்டு."