இரண்டு மூலை மஞ்சள்

ஜெயத்துக்குப் புடவை எடுக்கத் தெரியாது. சொன்னால் சண்டைக்கு வருவாள், வரட்டும், உண்மை உண்மைதானே! போன தீபாவளிக்கு அவள் எடுத்து வந்த புடவையை அம்சா ஒரே ஒரு தடவைதான் தண்ணீரில் போட்டாள். சாயம் ஓடி, கூடக் கிடந்த பெரியப்பாவின் வேட்டிவரை ரோஸ் கலராகிவிட்டது. அதனால்தான் தன் கல்யாணம் நிச்சயமான மறுநாள் அம்சா தன் அம்மா காந்திமதியிடம் வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையும் பெரியம்மாவே செய்யட்டும்மா. பொண்ணழைப்புப் பொடவ மட்டும் நீ போய் எடுத்தாந்து குடு. நீ பாத்து எடுத்தது ஒண்ணாவது என் ஒடம்புல இருக்கணும். அப்புறம், தாலி கட்னதும் மொதல்ல உன் கால்லதான் வுழுவேன். நீ வெளிய வந்து நிக்கணும்."

"வர்றேன்டி."

"உள்ளயே பூந்துக்கக் கூடாது."

"வர்றேன்னு சொல்றேன் இல்ல?"

இப்படிச் சத்தியம் வாங்க வேண்டிய நிலைமையில்தான் அந்த வீடு இருந்தது. காந்திமதியின் புருஷன் கோதண்டபாணி நாலு வருஷத்துக்கு முன்னால் விஷக்காய்ச்சலில் போய்விட்டான். அன்றிலிருந்து அம்மாவும் பெண்ணும் திண்டிவனத்தில் அவன் அண்ணன் வீட்டில் இருந்தார்கள். ஜெயம் அந்த அண்ணனின் பெண்டாட்டி. திருவாமாத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோதும், நிச்சயத்துக்கு வந்தபோதும், காந்திமதி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. தாலியறுத்தவள் நல்ல காரியத்தில் எதிரே வரலாமா? கதவிடுக்கில் கண்ணை வைத்து மாப்பிள்ளையின் அம்மா வீரம்மாளை மட்டும் பார்த்துக்கொண்டாள். வலது கன்னத்தில் மிளகளவு மறு, வெற்றிலை போட்டுப் போட்டுச் சிவந்த வாய், கணீரென்ற பேச்சு. வீரம்மாள்தான் இவளைப் பார்த்ததே இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லா வினையும் இதில்தான் இருக்கிறது.

காந்திமதி விழுப்புரம் போகிறேன் என்றதும் ஜெயம் முகத்தைச் சுளித்தாள். பிறகு அவளே, "போய்ட்டு வா. ஆனா நீ தொட்டுக் குடுக்காத. நான்தான் தட்டுல வச்சிக் குடுப்பேன்" என்றாள். பெரிய மனசு!

முதல் பாசஞ்சரைப் பிடித்து விழுப்புரத்தில் இறங்கியபோது வெயில் இன்னும் சூடேறவில்லை. கோயிலுக்குப் பின்னால் இருந்த பழைய கடைத்தெருவுக்கு அவள் கல்யாணமான புதிதில் ஒரு தடவை கோதண்டபாணியோடு வந்திருக்கிறாள். பெரிய வண்டி எதுவும் நுழைய முடியாத தெரு. இரண்டு பக்கமும் மரத்தூண் வைத்த சின்னச் சின்னக் கடைகள், கடைக்கு ஒரு சரக்கு. வெண்கலப் பாத்திரம் ஒரு கடை, கோரைப்பாய் ஒரு கடை, சாந்தும் சவுரியும் விற்க ஒரு கடை. வெண்கலக் கடைக்காரர் அன்று புருஷனிடம் விலை பேசிவிட்டு இவளிடம் ஒரு குங்குமச் சிமிழைச் சும்மாவே கொடுத்தார். அந்தக் கடை இப்போதும் அங்கேயே இருந்தது. அவள் அதைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போனாள்.

முதல் ஜவுளிக்கடையில் படியேறக்கூட விடவில்லை. "இன்னும் போணி ஆவலம்மா, அப்பால வாங்க" என்றான் கடைக்காரன். அன்றைய முதல் வியாபாரம் யார் கையில் ஆகிறதோ அப்படித்தான் அந்த நாள் போகும் என்பது கடைத்தெருவின் சட்டம். பொட்டில்லாத நெற்றியோடு ஒருத்தி வந்து போணி செய்தால் விளங்குமா? இரண்டாவது கடையில் வாயைத் திறக்காமல் கையை மட்டும் ஆட்டினார்கள். மூன்றாவது சீனுவாசன் கடை. அவர் கொஞ்சம் மரியாதைக்காரர்.

"கூட சுமங்கலி யாராச்சும் வந்துக்கினு இருக்காங்களா? அவங்களை முன்னாடி வரச் சொல்லுங்க."

"யாரும் இல்லைங்க. நான்தான். எம் பொண்ணு கல்யாணத்துக்கு..."

"அய்யய்யே, கல்யாணத்துக்கா?" என்று அவர் எழுந்தே விட்டார். "தப்பா நெனைக்காதீங்க. போணி ஆவட்டும், ஒரு ஓரமா நில்லுங்க."

ஓரமாக எத்தனை நேரம் நிற்பது? விறுவிறுவென்று நடந்து கோயிலுக்குள் போய் ஒரு தூணடியில் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே தூணில் ஒரு குழி. கும்பிட வந்தவர்கள் மிச்சக் குங்குமத்தைக் கொட்டிவிட்டுப் போகிற குழி. இந்த ஊரில் என்னை யாருக்குத் தெரியும் என்று நினைத்தாள். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. விரல் தானாகப் போயிற்று, நெற்றிக்கு வந்தது. நாலு வருஷத்துக்குப் பிறகும் இடம் தவறவில்லை.

கழுத்தை முந்தானையால் இழுத்து மூடிக்கொண்டு வெளியே வந்தவள், நேராக வளையல் கடைக்குப் போனாள். மொய்தீன் பிச்சை என்று ஒரு கோட்டக்குப்பத்துக்காரர் வைத்திருந்த கடை அது.

"வெறுங்கையோட வந்துக்கீறீங்களே, இன்னாம்மா?"

"ஒடஞ்சி போச்சுங்க."

"ஒடஞ்சதுன்னு சொல்லாதீங்கம்மா, வாயில நல்ல வார்த்தை வரட்டும். கையை நீட்டுங்க. வேலை செஞ்ச கை, கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கணும்."

பச்சைக் கண்ணாடி வளையல், கைக்கு ஆறு. வலித்தது. அவள் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து அவர், "ஆயிப் போச்சு, ஆயிப் போச்சு" என்று குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

பிறகு ஒரு மணி நேரம் அவள் அந்தத் தெருவில் சுற்றிய சுற்று இருக்கிறதே! எல்லாக் கடை வாசலிலும் நின்றாள். பாயை விரித்துக் காட்டச் சொன்னாள். சவுரியைக் கையில் எடுத்து நீளம் பார்த்தாள். "வாங்கம்மா, உள்ள வாங்கம்மா" என்று ஒவ்வொருவனும் கூப்பிட்டான். வெண்கலக் கடை வாசலிலும் நின்று, பழைய கிழவரைக் காணாமல், அவர் மகனைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தாள். கோதண்டபாணி ஏதோ பக்கத்துக் கடையில் மூக்குப்பொடி வாங்கப் போயிருக்கிறான், இதோ வந்துவிடுவான் என்பது போல இருந்தது. பாவி மனசு, அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

மறுபடியும் சீனுவாசன் கடைப் படியேறினாள். தன்னை அடையாளம் கண்டுகொள்வாரோ என்று படியிலேயே ஒரு கணம் நின்றாள். ஆனால் அவர் காலையில் நெற்றியைத்தானே பார்த்தார், முகத்தை எங்கே பார்த்தார்?

"வாங்க, வாங்க! லச்சுமியாட்டம் வர்றீங்க. காலைல இருந்து ஈ ஓட்டிக்கினு இருக்கேன், உங்க கையால போணி ஆவட்டும்" என்று மெத்தையைத் தட்டி உட்காரச் சொன்னார்.

முப்பது புடவை பிரித்துப் போட்டார். மாம்பழக் கலரில் அரக்குக் கரை போட்ட ஒன்று விரிந்தபோது அதில் அம்சா நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அதையே எடுத்தாள். சீனுவாசன் பணத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போதே எழுந்து ரயிலடிக்குப் போயிருக்கலாம். போகாமல் கரையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வாசலில் ஒற்றை மாட்டு வில்வண்டி வந்து நின்றது.

"கூறை எடுக்கணும்ங்க, ஜல்தியா காட்டுங்க, வெயில் ஏர்றதுக்குள்ள ஊருக்குத் திரும்பணும்" என்று கணீரென்று ஒரு குரல். காந்திமதி நிமிர்ந்தாள். வலது கன்னத்தில் மிளகளவு மறு.

எழுந்தால் வாசலை மறித்துக்கொண்டு வீரம்மாளின் புருஷன் நிற்கிறார். வீரம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்து, இவள் மடியில் இருந்த புடவையைப் பார்த்து, "நல்லா எடுத்துக்கீறீங்க. உங்க கண்ணு நல்ல கண்ணு. எனக்கும் ஒண்ணு பாத்துக் குடுங்க" என்றாள்.

தன் மகள் கழுத்தில் தாலி ஏறும்போது உடுத்தப்போகிற கூறையைக் காந்திமதி பார்த்துக் கொடுத்தாள். வாய் பேசிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் ஆயிற்று. விலை படிந்ததும் சீனுவாசன் மஞ்சள் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். கூறை அவர் கடையை விட்டுப் போவதற்கு முன் நாலு மூலையிலும் மஞ்சள் தடவ வேண்டும், இரண்டு சுமங்கலிகள் தடவ வேண்டும், ஒற்றைக் கையால் ஆகாது.

"என் ஓரகத்தி வர்றதாத்தான் இருந்தா, காலைல பாத்துத் தூரமாயிட்டா" என்றாள் வீரம்மாள். "இந்த அம்மா இருக்காங்களே, அது போதும். ரெண்டு மூலை நீங்க தடவுங்க."

"நானா? வேணாங்க... எனக்கு ரயிலுக்கு நேரமாவுது."

"ஒரு நிமிசம்தானேம்மா. வேணான்னு சொல்லாதீங்க, அபசகுனமாப் போயிடும். பொண்ணோட அம்மா பாவம், தாலியறுத்தவ. இந்தக் கொடுப்பினை அவளுக்கு இல்ல. உங்களை மாதிரி ஒரு மகராசி கையாவது படட்டும்."

காந்திமதி தடவினாள். இரண்டு மூலை. அவசரத்தில் ஒரு மூலையில் மஞ்சள் கொஞ்சம் அதிகமாகவே அப்பிக்கொண்டது.

"எந்த ஊருங்க?"

"கூட்டேரிப்பட்டு."

"கிட்டத்துலதான்! அடுத்த புதன் கெழமை திண்டிவனத்துல கல்யாணம், அவசியம் வரணும். நான் உங்களைத் தேடுவேன்."

காந்திமதி தலையை ஆட்டிவிட்டு எழுந்தாள்.

ரயிலில் கூட்டம் இல்லை. முந்தானையால் நெற்றியைத் தேய்த்தாள், தோல் எரியும்வரை தேய்த்தாள். வளையல் கழலவில்லை. நாலு வருஷத்துக்கு முன் ஊர்ப் பெண்கள் சுற்றி நின்று கையைப் பிடித்து உடைத்தார்கள். இன்றைக்கு ஜன்னல் கம்பியில் அவளே மோதி மோதி உடைத்து, துண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே போட்டாள். கையில் ரத்தம் வந்தது.

அடிப் பைத்தியக்காரி, போய்ச் சொல்லிவிடக் கூடாதா என்று கேட்கத் தோன்றும். யாரிடம் சொல்வாள்? கைம்பெண் கை பட்ட கூறை என்று தெரிந்தால் கல்யாணம் நிற்கும். நிற்காவிட்டாலும், நாளைக்கு அம்சாவுக்கு ஒரு தலைவலி வந்தால்கூட அந்த இரண்டு மூலை மஞ்சளைத்தான் சொல்வார்கள். இதைவிடக் கொடுமை, காந்திமதியே அதை நம்பினாள். தன் கை ஆகாத கை என்று மற்றவர்களைவிட அவள்தான் உறுதியாக நம்பினாள். அம்சா மாம்பழக் கலர்ப் புடவையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "கையில இன்னாம்மா காயம்?" என்று கேட்டபோது, "ரயில் கதவு பட்டுடுச்சு" என்றாள்.

கல்யாணத்தன்று விடிந்ததும் நெல் மூட்டை அடுக்கியிருந்த உள்ளறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அந்தக் கதவில் கண்ணை வைத்துப் பார்க்க இடுக்குகூட இல்லை. மேளச் சத்தம் உச்சத்துக்குப் போய் ஜனங்கள் ஓவென்றபோது, தாலி ஏறிவிட்டது என்று தெரிந்துகொண்டு மூட்டையில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கணீர்க் குரல் கதவுக்கு வெளியிலேயே கேட்டது.

"சம்மந்தியம்மா எங்க? இன்னும் நான் மூஞ்சியே பாக்கலியே. தாலியறுத்தா இன்னா, பெத்தவ இல்லியா? பொண்ணு அம்மா கால்ல வுழணும்னு நிக்குது. யாரு வேணான்னு சொல்றாங்கன்னு நான் பாக்கறேன். கதவைத் தொறங்க சம்மந்தி!"

தங்கமான மனுஷி. தங்கமாக இருந்து என்ன செய்ய? கதவைத் திறந்தால் கூட்டேரிப்பட்டு மகராசி வெறும் நெற்றியோடு நிற்பாள். காந்திமதி தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பதில்கூடச் சொல்ல முடியாது. அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட குரலை வீரம்மாள் மறந்திருப்பாளா?

"கூச்சப்படறாங்க போல. வுடுங்க" என்றாள் வீரம்மாள் கடைசியில். "கூட்டேரிப்பட்டு அம்மாவையும் காணல. வர்றேன்னுதான் தலையாட்னாங்க."

அவர்கள் நகர்ந்தார்கள். ஒருத்தி மட்டும் நகரவில்லை. புதுப் புடவை சரசரத்தது. கதவின் அடியில் இருந்த சந்து வழியே கூறையின் முனை தெரிந்தது. மஞ்சள் அதிகமாக அப்பிய மூலை.

"அம்மா. அத்தையே கூப்ட்டாங்கம்மா. அப்பவும் வர மாட்டியா? வர்றேன்னு சொன்னியே."

காந்திமதி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கையை நீட்டி அந்த மூலையைத் தொடப் போனவள், தொடாமல் இழுத்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்த சொல்லும்மா. 'நல்லா இரு'ன்னு சொல்லு, போதும்."

வெளியே வண்டி பூட்டுகிற சத்தம் கேட்டது. யாரோ அம்சாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்சா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். புடவை முனை சந்திலிருந்து விலகியது.

"சரி. நான் போறேன்" என்றாள்.

பக்கத்துக் கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் 'போய்ட்டு வர்றேன்' என்று சொல்லிவிட்டுப் போகிற பெண் அது.