பலெந்தினைச் சுமந்தவர்கள்

மரண அறிவிப்பைத் தேவாலயச் சுவரில் ஒட்டிவிட்டு, அதன் ஓரங்களை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள் ஒயானா. தூறலில் பசை பிடிக்கவில்லை. பலெந்தின், எண்பத்தொரு வயது, குழாய் வேலைக்காரர், அடக்கம் மாலை ஐந்து மணிக்கு. அவளுடைய அப்பா.

பின்னால் காலடிகள் நின்றன, போயின. யார் படிக்கிறார்கள், யார் படித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்தாள். முப்பது வருடப் பழக்கம். ரொட்டிக்கடைக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள். அப்பாவுக்காகவா, கை தானாகப் போட்டதா?

1983இல் மலைமேல் ஓர் ஆட்டுக்கொட்டிலில் ஒளிந்திருந்த யோசுவைப் போலீஸ் சுற்றிவளைத்துச் சுட்டது. அவன் ஸ்பெயினிலிருந்து பாஸ்க் நாட்டைப் பிரிக்க ஆயுதம் ஏந்திய அமைப்பின் பையன், ஊருக்குச் செல்லப்பிள்ளை. அதே வாரம் பலெந்தின் கருவிப்பெட்டியோடு காவல் முகாமுக்குள் நுழைந்ததைப் பலர் பார்த்திருந்தார்கள். வெந்நீர்க் கொதிகலனைச் சரிசெய்யத்தான் போனார். யோசு செத்த மறுநாள் வீட்டுச் சுவரில் சிவப்பு எழுத்துகள். பாஸ்க் மொழியில், பிழையில்லாமல். பள்ளிக்கூடத்தில் அந்த மொழியைப் பேசியதற்காக உதை வாங்கியவர் அப்பா. அதில் எழுதவோ படிக்கவோ அவருக்குத் தெரியாது. பதினொரு வயது ஒயானாதான் வாசித்துச் சொன்னாள்: "காட்டிக்கொடுத்தவன்."

அவர் சுண்ணாம்பு அடித்தார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து அவர் நுழைந்தால் மதுக்கடையில் சீட்டாட்டம் நின்றுபோகும்.

அந்த மௌனம்தான் ஒயானாவை அரித்தது. செய்யாதவர் ஏன் இல்லையென்று சொல்லவில்லை? போன வாரம் ஆஸ்பத்திரியில் கேட்டேவிட்டாள். "வீட்டுக்குப் போய்த் தூங்கும்மா," என்றார்.

"பொட்டி தூக்க ஆள் இருக்கா?"

திரும்பினாள். லோன்ச்சோ. யோசுவின் கூட்டாளி. போலீஸ் அடித்து நொறுக்கியும் வாய் திறக்காதவன் என்று ஊர் கொண்டாடிய ஆள். தெற்கே பதினெட்டு வருடம் சிறையில் இருந்துவிட்டுத் திரும்பியபோது குழலும் மேளமுமாக வரவேற்று, சதுக்கத்தில் அவர் முன்னால் ஆடினார்கள்.

"எதுக்கு? குழியில எச்சி துப்பவா?"

"தூக்கத்தான்."

"எங்கப்பா உங்களுக்கு என்ன வேணும்?"

அவர் தொப்பியைக் கழற்றிச் சுருட்டினார். "கொட்டில் இருக்கிற எடத்தச் சொன்னது அவர் இல்ல, ஒயானா. என்னைத்தான் முதல்ல புடிச்சாங்க. மூணாம் நாள், தலையில பையப் போட்டு இறுக்கி... நான்தான் சொன்னேன்."

அவள் அவருடைய கண்களையே பார்த்தாள். "செத்த வீட்டுல ஆறுதலா ஒரு பொய் சொல்றீங்களா?"

"உங்கப்பாவுக்குத் தெரியும். வெளிய வந்ததும் அவர்கிட்டதான் மொதல்ல போனேன். 'உங்கம்மா உயிரோட இருக்கிற வரைக்கும் வாயத் தொறக்காத'ன்னாரு."

"உங்கம்மா போய் ஒம்பது வருஷமாச்சு."

லோன்ச்சோ தொப்பியை இன்னும் இறுக்கிச் சுருட்டினார்.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது?" என்று சொல்லிவிட்டு மிச்சக் காகிதங்களோடு நடந்தாள்.

ஐந்து மணிக்கு லோன்ச்சோ வந்தேவிட்டார். பெட்டியின் முன்பக்கம் அவரும் அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் கடையின் ஆளும். பின்பக்கம் அப்பாவின் தம்பி பிள்ளைகள் இருவர். அவர்களில் மூத்தவன் மார்ட்செல் யோசுவோடு படித்தவன். முப்பது வருடமாகப் பெரியப்பா வீட்டுப் படியேறாதவன். இன்று சொந்தத்துக்காக வந்து, லோன்ச்சோவுக்குப் பின்னால் தோள் கொடுத்தான்.

தேவாலயத்தின் உள்ளே பன்னிரண்டு பேர். வெளியே சதுக்கத்து வளைவுகளின் கீழ் அறுபது பேராவது நின்றார்கள், துக்கத்துக்கல்ல, யார் வருகிறார்கள் என்று பார்க்க. பெட்டி படியிறங்கியதும் முணுமுணுப்பு எழுந்தது.

"லோன்ச்சோவா அது?"

"இவனுக்கா தோள் குடுக்கறாரு? என்ன மனசுய்யா!"

தலைகள் ஆமோதித்து அசைந்தன. ஒயானா வேகமாக முன்னால் போய் வழிமறித்தாள்.

"கேட்டுச்சா? நீங்க மன்னிச்சுட்டதா நெனைக்கிறாங்க. அதுக்குத்தானே வந்தீங்க? எறக்குங்க."

பெட்டி நின்றது. அடக்கக்கடை ஆள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். லோன்ச்சோ சதுக்கத்தைப் பார்த்து,

"யோசுவக் காட்டிக்குடுத்தது நான்," என்றார். "இவர் இல்ல. நான்."

மதுக்கடைக்காரர் மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பலை ஒயானா சிறுவயதிலிருந்தே அறிவாள். இம்முறை அது லோன்ச்சோவுக்காக.

மார்ட்செல் தோளை விலக்கிக்கொண்டு வளைவுகளின் பக்கம் போனான். பெட்டி ஒருபுறம் சாய்ந்தது. உள்ளே ஏதோ மெல்ல நகர்ந்தது. ஒயானா ஓடிப்போய் அடியில் தோளை வைத்தாள். நினைத்ததைவிடக் கனம்.

முன்னால் லோன்ச்சோவின் பிடரியிலிருந்து மழைநீர் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"இடது கால்," என்றார், திரும்பாமல்.

அவள் காலை மாற்றி வைத்தாள்.