பத்மகுமார் கொடுத்த மாத்திரை

ஜினமதியின் மகள் பிராமிக்குப் பத்து வயது. சில வாரம் தூக்கமே இல்லாமல் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பாள். சில வாரம் யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். விழுப்புரத்து மனநல மருத்துவர் தினமும் காலையில் ஒரு காப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார். ஜினமதி துணிக்கடை வேலைக்காகத் திண்டிவனத்திலிருந்து ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அதனால் மருந்து கொடுப்பது கணவன் பத்மகுமாரின் பொறுப்பு.

மூன்று மாதமாகியும் மாற்றமில்லை.

"தவறாம குடுக்கறீங்களா?" என்று மருத்துவர் கேட்டார்.

"குடுத்துக்கினுதான் இருக்கேன் சார்" என்றான் பத்மகுமார்.

மருத்துவர் அளவைக் கூட்டினார். தன் வயிற்றில் பிறந்ததால்தான் பிள்ளைக்கு இப்படி என்று பஸ்ஸில் ஜினமதி அழுதாள். பத்மகுமார் கர்சீப்பை நீட்டினான்.

மறுவாரம் அவன் மல்லாட்டை என்று அவர்கள் சொல்லும் வேர்க்கடலை வியாபாரமாகப் பண்ருட்டிக்குப் போனான். ஜினமதி லீவு போட்டுத் தானே காப்ஸ்யூலைக் கொடுத்தாள். பத்து மணிக்குப் பிராமி வாந்தி எடுத்தாள். நிற்க முடியாமல் தள்ளாடினாள். ஜினமதி அவளைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"ஒடம்புக்குப் பழகாத மாதிரி இருக்கே. மொதல் தடவையே இவ்ளோ டோஸா?" என்றார் டாக்டரம்மா.

"மூணு மாசமா சாப்பிட்டுக்கினு இருக்காளே" என்றாள் ஜினமதி.

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த பிராமி மெல்லச் சொன்னாள்: "இல்லம்மா. அப்பா தெனம் அத சாக்கடையில போட்டுடுவாரு. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னாரு."

சாயங்காலம் பத்மகுமார் ஓடி வந்தான். மருந்தை ஏன் சாக்கடையில் போட்டான் என்று ஜினமதி கேட்டாள்.

"அந்த காப்ஸ்யூல் உறை மாட்டெலும்புல செய்யறதாம். சமணரா பொறந்துட்டு அத நம்ம புள்ள வாயில எப்படிப் போடுவேன்?"

"டாக்டர்கிட்ட சொல்றதுதானே?"

"வேற மருந்தே இல்லன்னுட்டா?"

"டோஸ ஏத்தறப்ப பக்கத்துலதான உக்காந்துக்கினு இருந்தீங்க? என் மேலதான் தப்புன்னு நான் அழுதப்ப கர்சீப் குடுத்தீங்களே, அப்பகூட வாய் வரலையா?"



மூன்றாம் நாள் பிராமி தேறினாள். விழுப்புரத்து மருத்துவர், அதே மருந்து சிரப்பாகவும் வருகிறது, கேட்டிருந்தால் அன்றே எழுதியிருப்பேன் என்றார். குறைந்த அளவிலிருந்து மறுபடி தொடங்கினார். இரண்டு மாதத்தில் பிராமி இரவில் தூங்கத் தொடங்கினாள்; பள்ளிக்கும் போனாள்.

"இனிமே ஒழுங்கா குடுக்கறேன், என்கிட்ட குடு" என்று பத்மகுமார் ஒருமுறை கேட்டான்.  ஜினமதி கடையில் கெஞ்சி, தானே மருந்து கொடுப்பதற்காகத் தாமதமாக வர அனுமதி வாங்கிக்கொண்டாள்.

தினமும் சிரப்பைக் குடிக்கும் முன் பிராமி அம்மாவின் காதருகே கேட்கிறாள்:

"இது அப்பாவுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்" என்று கூடத்திலிருப்பவனுக்கும் கேட்கும்படிச் சொல்கிறாள் ஜினமதி.